பந்திக்குக் காத்திருக்கும் சோறு

இத்தாலியின் தூரின் நகரில் கார்பானோ என்ற பழைய மது ஆலை ஓட்டம் நின்று கிடந்தது. மின்சாதனக் கடைகள் நடத்திக் காசு பார்த்திருந்த ஆஸ்கர் ஃபரினெத்தி, 2007 ஜனவரியில் அந்தக் கட்டடத்துக்குள் ஈட்டாலி என்ற உணவுக்கூடத்தைத் திறந்தார். ஒரே கூரைக்குக் கீழ் மளிகை, காய்கறி, மீன், பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. அவற்றுக்கு நடுவிலேயே அடுப்பும் மேசையும் உண்டு. வாங்க வந்தவர் உட்கார்ந்து சாப்பிடலாம், சாப்பிட்டவர் அதே பொருளை வாங்கிக்கொண்டு போகலாம். 2010 ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க்கில் கிளை திறந்தபோது வாசலுக்கு வெளியே வரிசை நீண்டது. பிறகு இதே மாதிரியில் உலகின் பல நகரங்களில் இத்தாலிய உணவுக்கூடங்கள் முளைத்துவிட்டன. புதிதாகத் திறந்த எதற்குள்ளும் முதல் சில வாரங்களுக்குத் தோள் உரசாமல் நடக்க முடியாது.

அந்த நெரிசலில் ஓர் ஓரமாக நின்று, எந்த அடுப்புக்கு முன்னால் கூட்டம் நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பீட்சாவுக்கான விறகு அடுப்பு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் தகிக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் ஒரு பீட்சா வெளியே வந்துவிடும். முட்டை சேர்த்துப் பிசைந்த புது பாஸ்தாவுக்குக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும். அரிசியில் செய்யும் ரிசோட்டோவின் முன்னால்தான் ஆட்கள் அசையாமல் நிற்கிறார்கள். அரிசி வாணலியில் விழுந்ததிலிருந்து 18 நிமிடம் போல ஆகும். முன்கூட்டியே செய்து வைக்கவும் முடியாது. தட்டில் பத்து நிமிடம் கிடந்தாலே இறுகிப் பசையாகிவிடும்.

திருவாரூர்க்காரருக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். அவர் அறிந்தவரை, உலகத்தில் காத்திருக்கத் தெரிந்த உணவு சோறு ஒன்றுதான். கல்யாண மண்டபத்தின் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். கோட்டை அடுப்பில் அண்டாவை ஏற்றி ஈடு ஈடாக வடிப்பார்கள். பாயில் வெள்ளை வேட்டியை விரித்து ஆவி பறக்கக் கொட்டுவார்கள், மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடுவார்கள். முதல் பந்தி எழுந்து, இலை எடுத்து, இரண்டாம் பந்தி உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் சாவகாசமாக மூன்றாம் பந்திக்கு வரும்வரை அந்தச் சோறு அங்கேயே கிடக்கும். அன்னவெட்டியால் எடுத்தால் அப்போதும் உதிரியாகத்தான் விழும்.

இரண்டுமே ஒரைசா சட்டைவா என்ற ஒரே புல்லின் விதைதான். ஒன்று ஆளைக் காக்க வைக்கிறது, மற்றது ஆளுக்காகக் காத்திருக்கிறது. காரணத்தைத் தேடினால் சமையல்காரரின் கைப்பக்குவத்தைத் தாண்டி, அரிசிமணிக்குள் மாவுச்சத்து அடுக்கப்பட்டிருக்கும் விதத்துக்குப் போய்ச் சேருகிறோம்.

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. இரண்டுமே குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்துச் செய்தவை. ஒன்று அமைலோஸ், ஏறக்குறைய நேராக ஓடும் நீண்ட சங்கிலி. மற்றது அமைலோபெக்டின், அதைவிடப் பலமடங்கு பெரியது, கிளைக்குள் கிளையாகப் பிரிந்துகொண்டே போவது. களத்து மேட்டில் வைக்கோலையும் கருவை முள்ளையும் அடுக்கிப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து போராகிவிடும். முள் படியாது, கிளைகளுக்கு இடையே எதையாவது பிடித்து வைத்துக்கொண்டு பரந்து நிற்கும்.

அரிசி வேகும்போது, ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 55 முதல் 80 டிகிரிக்குள், மாவுத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, உள்ளே இருந்த ஒழுங்கை இழக்கின்றன. அமைலோஸில் ஒரு பகுதி நீரில் கசிகிறது. இறக்கி வைத்துச் சூடு தணியத் தொடங்கியதும் நேர்ச்சங்கிலிகள் சீக்கிரமே ஒன்றோடொன்று படிந்து இறுகிக்கொள்கின்றன. சோற்றுமணி தன் வடிவத்தில் நிற்கிறது, பக்கத்து மணியோடு ஒட்டுவதில்லை. அமைலோபெக்டினுக்கு இந்தப் படிதல் எளிதில் வராது. அது நீரைப் பிடித்துக்கொண்டு வழவழப்பாகவே இருக்கும். அப்படியானால் ஓர் அரிசி உதிரியா, குழைவா, பிசினா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டின் விகிதம்தான். பச்சை ஒட்டரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லை. ரிசோட்டோவுக்குப் பெயர்போன ஆர்போரியோவில் 20 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. நம் பக்கத்து இண்டிகா நெல் ரகங்கள் பலவற்றில் 25ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆறின கஞ்சித் தண்ணீரில் மருந்துக்கடை டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். அது அமைலோஸின் நிறம். ஒட்டரிசிக் கஞ்சியில் விட்டால் நீலம் வராது, செம்பழுப்புதான் வரும்.

இந்த விகிதம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது இன்னும் வியப்பானது. நெல்லின் ஆறாவது குரோமோசோமில் வேக்ஸி என்றொரு மரபணு இருக்கிறது. அமைலோஸ் சங்கிலியைக் கோக்கும் நொதிக்கான குறிப்பு அதில்தான் உள்ளது. குறிப்பின் நடுவே தேவையற்ற பகுதிகளும் உண்டு. செல் அவற்றை வெட்டி நீக்கி, மீதியை ஒட்டித்தான் படிக்கும். முதல் தேவையற்ற பகுதி தொடங்கும் இடத்தில் இண்டிகா நெல்லில் ‘ஜி’ என்ற வேதி எழுத்து இருக்கிறது. ஜப்பான், கொரியா, இத்தாலி போன்ற நாடுகளில் விளையும் ஜப்போனிகா நெல்களில் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் ‘டி’ இருக்கிறது. வெட்ட வேண்டிய இடத்தின் அடையாளம் மங்கிவிடுகிறது, வெட்டு சரியாக விழுவதில்லை, நொதி குறைவாக உருவாகிறது, அமைலோஸும் குறைந்துவிடுகிறது. 1990களில் ஆய்வாளர்கள் கண்டுசொன்ன செய்தி இது. நெல்லின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 40 கோடி எழுத்து நீளம். அதில் ஓர் எழுத்து மாறியதால் ஒரு பக்கம் குச்சியால் எடுத்துச் சாப்பிடும் சோறும், இன்னொரு பக்கம் கையால் பிசைந்து சாப்பிடும் சோறும் வந்துவிட்டன.

இத்தாலிய நெல் விளைவதும் ஆற்றுச் சமவெளியில்தான். போ ஆற்றின் கரையில் வெர்செல்லி, நோவாரா, பாவியா பக்கங்களில் மே மாதம் வண்டியில் போனால் இருபுறமும் தண்ணீர் கட்டிய வயல்கள். குடவாசல் சாலை என்றே தோன்றும், தூரத்து ஆல்ப்ஸ் பனிமலையை மறைத்துவிட்டால். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி இத்தாலியில் விளைவதுதான். அந்த வயல்களுக்குப் பாயும் பெரிய வாய்க்கால் 1866இல் முடிந்தது. நவீன இத்தாலியை உருவாக்கியவர்களில் ஒருவரான கவூரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரே வெர்செல்லிக்குப் பக்கத்தில் லேரியில் நெல் பயிரிட்ட மிராசுதார்.

அந்த நாட்டுப் பாசனத்தையும் நம் பாசனத்தையும் நேரில் பார்த்து எழுதிய ஒருவர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் ரிச்சர்ட் பேர்ட் ஸ்மித். வட இத்தாலியின் வாய்க்கால்களைப் பற்றி 1852இல் ஓர் அறிக்கை நூல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் காவிரி, கிருஷ்ணா, கோதாவரி அணைக்கட்டுகளைப் பற்றி இன்னொன்று வந்தது. கல்லணைக்கு மேலே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய அணை அதற்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தது. தண்ணீர்க் கணக்கில் இவ்வளவு அக்கறை காட்டிய பேர்ட் ஸ்மித் இரண்டு ஊர்ச் சோற்றையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

ரிசோட்டோவுக்கென்றே பெயர்பெற்ற ஆர்போரியோ, கார்னரோலி இரண்டும் 1940களின் நடுவில் உருவான ரகங்கள். பழம்பெருமை பேசும் அளவுக்குப் பழையவை அல்ல. ஆர்போரியோ மணி பருமனானது. அதன் நடுவில் சுண்ணாம்புத் துண்டு போல ஒரு வெள்ளை மையம் தெரியும். அங்கே மாவுத் துகள்கள் நெருக்கமில்லாமல் அடுக்கப்பட்டு இடையில் காற்று சிக்கியிருக்கிறது. ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. நம் அரிசி மண்டியில் இப்படிப்பட்ட மணி கண்ணில் பட்டால் விலையைக் குறைப்பார்கள், ஆலையில் நொறுங்கும் என்பார்கள். இத்தாலியர் அதையே தேடி வாங்குகிறார்கள்.

செய்முறையைக் கவனித்தால் ஒவ்வொரு படியும் மாவுச்சத்தைக் குறிவைத்தே அமைந்திருக்கிறது. அரிசியைக் களைவதில்லை, களைந்தால் மேலே ஒட்டிய மாவு போய்விடும். வெண்ணெயில் மணியைச் சூடாக்குகிறார்கள். மேற்பரப்பு சற்று இறுகுவதால் மணி ஒரேயடியாகக் கரைந்துவிடாது. பிறகு கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறுகிறார்கள். மணியும் மணியும் உரச உரச, மேற்பரப்பிலிருந்து மாவுச்சத்து சாற்றில் இறங்குகிறது. கடைசியில் அடுப்பிலிருந்து இறக்கி, குளிர்ந்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகமாக அடிக்கிறார்கள். கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து அந்த மாவுநீருக்குள் பரவி நிற்கிறது. பால் ஏடு ஒரு துளி சேர்க்காமலே பாயசப் பதம் வந்துவிடுகிறது. மணியின் நடுப்பகுதி மட்டும் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும்.

ரிசோட்டோவை இத்தாலிய வெண்பொங்கல் என்று சொல்லி முடித்துக்கொள்பவர்கள் உண்டு. வெண்ணெய் வாசமும் குழைவும் பொதுவாக இருப்பதால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பொங்கலில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் முழுசாக வெந்து உடைய வேண்டும். மணி தட்டுப்பட்டால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியதுதான். ரிசோட்டோவில் வெளியே குழைவு, உள்ளே உறுதி. இரண்டையும் ஒரே மணியில் நிறுத்துவதற்குத்தான் அத்தனை நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. கார்னரோலியில் அமைலோஸ் ஆர்போரியோவைவிடச் சற்று அதிகம் என்பதால் அது எளிதில் குழையாது. கூட்டம் நிரம்பும் உணவகச் சமையல்காரர்கள் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வெர்செல்லிப் பக்கம் அக்வரெல்லோ என்ற பெயரில் கார்னரோலி நெல்லை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து தீட்டித் தகரடப்பாவில் அடைத்து விற்கிறார்கள். பழைய அரிசி உதிரியாக வேகும், அதிகத் தண்ணீர் இழுக்கும் என்று தஞ்சாவூர் ஜில்லாவில் எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பார். அங்கே அதற்குத் தனி விலை.

டெல்டா சமையல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ரிசோட்டோக்காரர் பிடித்து வைத்துக்கொள்ளும் மாவுநீரை நாம் வடித்து வெளியே அனுப்புகிறோம். ஒட்டக்கூடிய சத்து கஞ்சியோடு போய்விட, மணி தனித்து நிற்கிறது. அந்தக் கஞ்சியில்தான் வேட்டியை முக்கி எடுத்தார்கள். நேர்ச்சங்கிலிகள் உலரும்போது நூலிழைமேல் மெல்லிய படலமாகப் படிகின்றன, வேட்டி மொடமொடக்கிறது. பந்தியில் சோற்றை உதிரியாக்கும் அதே குணம்தான் பந்தியில் உட்கார்ந்தவரின் மடிப்பையும் காப்பாற்றுகிறது.

வடிப்பதற்கும் முன்னால் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்த பிறகுதான் அரைக்கிறோம். அப்போதே மாவுத் துகள்கள் ஒருமுறை வெந்து, ஒன்றோடொன்று ஒட்டி, மணியில் இருந்த கீறல்களை அடைத்துவிடுகின்றன. உலரும்போது அமைலோஸ் படிந்து இறுகுகிறது. இப்படி இறுகிய அமைலோஸ் 100 டிகிரியில் அவிழாது. சாதாரணப் பானையின் கொதி அதற்குப் போதாது. ஆகையால் புழுங்கலரிசி இரண்டாம் முறை வேகும்போது மாவைக் குறைவாகவே விடுகிறது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் குலைவதில்லை. தவிட்டை ஒட்டியிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதியும் ஊறும்போதே மணிக்குள் இறங்கிவிடுகிறது. வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி தின்ற நாடுகளை ஆட்டிய பெரிபெரி நோய், புழுங்கலரிசி தின்றவர்களை அவ்வளவாகத் தொடாததற்குக் காரணம் அதுதான்.

இந்த விஷயத்தில் திருவாரூருக்குச் சொந்தமாக ஒரு வரலாறு இருக்கிறது. ஊர்க்காரர்களே பலர் மறந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 டெல்டா முழுவதும் பரவியது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24ஐயும் கலந்து உருவாக்கிய குறுகிய காலக் குறுவை ரகம் அது. அதாவது இத்தாலிய அரிசியின் ஜப்போனிகா உறவு அப்போதே நம் வயலுக்குள் வந்துவிட்டது. விளைச்சல் ஏறியது. ஆனால் குறுவை அறுப்பும் மழையும் ஒரே நேரத்தில் வந்தன. களத்தில் கொட்டிய ஈர நெல்லைக் காயவைக்க வெயில் இல்லை. குவியலுக்குள் சூடேறிப் பழுத்து, முளைக்கவும் தொடங்கியது. இந்தத் தொல்லைக்கு வழி காண, தஞ்சாவூர் கூட்டுறவு விற்பனை இணையத்தின் நவீன அரிசி ஆலையை ஒட்டித் திருவாரூரில் 1967இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்பிரமணியன் அதன் முன்னோடி. 1972இல் மத்திய அரசு அதை நெல் பதன ஆராய்ச்சி மையமாக ஏற்றுக்கொண்டது. பின்னர் தஞ்சாவூருக்கு இடம் மாறி, பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு இன்று நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக இருக்கிறது.

ஏ.டி.டி. 27 மட்டும் அல்ல. காவிரியின் பெயரைச் சூடிய பொன்னியின் பெற்றோரில் ஒன்றும் தைசுங் 65 என்ற ஜப்போனிகா நெல்தான். மற்றது மலேயாவின் மாயாங் எபோஸ் 80. 1950களில் கட்டாக்கை மையமாக வைத்து நடந்த இண்டிகா-ஜப்போனிகா கலப்புத் திட்டத்தின் பேர்சொல்லும் பிள்ளை அது. உரத்தைத் தாங்கி விளையும் திறமையை ஜப்போனிகாவிடம் வாங்கிக்கொண்டு, சோறு மட்டும் நம் இலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம். சுத்தமான நம்மூர் அரிசி என்று பொன்னிக்குச் சத்தியம் செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் முகம் கொஞ்சம் மாறும்.

விதை ஊர்விட்டு ஊர் போன கதைகளில் எனக்குப் பிடித்தது தாமஸ் ஜெஃபர்சனுடையது. 1787இல் அவர் வட இத்தாலிக்குப் போனபோது, பியெமாந்து நெல்லை உமியோடு வெளியே கொண்டுபோனால் மரண தண்டனை என்ற பேச்சு இருந்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான அந்த மனிதர் அங்கியின் பைகள் கொள்ளும் மட்டும் நெல்லைத் திணித்துக்கொண்டு எல்லை தாண்டினார். திருவாரூர் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான நடைமுறை உண்டு. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்தத் தொடங்கிய நெல் திருவிழாவில், விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இயற்கை விவசாயத்துக்குக் குரல்கொடுத்த நம்மாழ்வாரோடு நடந்து, 150க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்த ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானார். ஆயிரக்கணக்கான விவசாயிகள் கூடும் அந்த விழாவின் நெரிசல் எந்த உணவுக்கூடத்துக்கும் குறைந்ததல்ல. அங்கே பரப்பிவைக்கும் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி ஒவ்வொன்றும் பானையில் வேறு விதமாக நடந்துகொள்ளும். கருப்புக்கவுனி போன்ற பிசின் அரிசியை ஒரு கோடியில் வைத்து, மாப்பிள்ளைச் சம்பாவை மறு கோடியில் வைத்தால், ரிசோட்டோ அரிசி இரண்டுக்கும் நடுவில் எங்கோ உட்காரும். கூட்டத்துக்கும் நெல்லுக்கும் திருவாரூரில் உள்ள உறவு இந்த விழாவைவிடப் பழையது. குண்டையூர்க் கிழார் கொடுத்த நெல்மலையைப் பூதங்கள் இரவோடு இரவாகச் சுமந்துவந்து திருவாரூர்த் தெருக்களில் நிரப்பியதாகவும், அவரவர் வாசலில் கிடப்பதை அவரவர் எடுத்துக்கொள்ளச் சுந்தரரின் மனைவி பரவையார் பறையறைவித்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. வினியோகச் சிக்கலுக்கு இதைவிடச் சிறந்த தீர்வு இன்றுவரை வரவில்லை.

உணவுக்கூடக்காரர்களுக்குப் பூதங்கள் இல்லை. ஆகவே கூட்டம் அதிகமானால் பல சமையலறைகளில் ஒரு குறுக்குவழி நடக்கிறது. அரிசியை முக்கால் பதம் வேகவைத்து, அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பிச் சீக்கிரம் ஆறவிடுவார்கள். ஆறும்போது மணியின் உள்ளே இருக்கும் கொஞ்ச அமைலோஸ் இறுகி, அரிசி நின்ற இடத்தில் நிற்கிறது. ஆள் வந்து கேட்டதும் கொதிக்கும் சாறு ஊற்றி நான்கைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கல்யாணச் சமையல்காரர் பாயில் சோற்றைப் பரப்புவதன் தூரத்து உறவு அது. ருசி தெரிந்தவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பசியோடு வரிசையில் நிற்பவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள்.

மீந்த சோறு ஒவ்வொரு ஊரிலும் அதனதன் மாவுச்சத்துப்படி நடக்கிறது. நம் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மணி கரையாமல் நிற்கிறது. இரவெல்லாம் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் நீரைப் புளிக்க வைக்கின்றன, காலையில் பழைய சோறு தயார். ரிசோட்டோவில் தண்ணீர் ஊற்றினால் கூழ்தான் மிஞ்சும். குளிர்ந்ததும் அது கட்டியாக இறுகிவிடுவதால் மிலானில் அதை வெண்ணெயில் தட்டையாக முறுக வாட்டுகிறார்கள். சிசிலியில் அரிசியை உருட்டி, உள்ளே கறியோ பாலாடைக்கட்டியோ வைத்து, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். அதன் பெயர் அராஞ்சினி. உணவுக்கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போண்டா போல அடுக்கியிருப்பது அதுதான். அந்தப் பக்கம் வரிசை வேகமாக நகரும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்றால் ரிசோட்டோவுக்கு நிற்காமல் அங்கே போய் இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது. சைவர்கள் ‘உள்ளே கறி இல்லாதது’ என்று மட்டும் கேட்டால் போதாது, அரிசியை இறைச்சிச் சாற்றில் வேகவைத்தார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.